வெண்டோ இயந்திரங்களில் ஒன்பதாம் புட்டி: ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்: ஆராய்வது. இதற்கு மேலும் ஒரு நோக்கம் சொல்கிறவர்கள் பதவி உயர்வுக்காக ஆராய்கிறவர்கள்.

ஆய்வுப் பொருள்: அமெரிக்க நாட்டில் பெட்ரோல் நிலையங்களிலும் கடை வாசல்களிலும் நின்று, ஐந்து சென்ட் நாணயத்தை விழுங்கி, குளிர்ந்த சோடா புட்டியை ஈந்த இரும்புப் பெட்டிகள். அவற்றை இன்று வீட்டுக் கொட்டகையில் வைத்துத் துருவெடுத்து, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, வண்ணமடித்து மீண்டும் ஓடவிடும் அன்பர்களின் மரபும் இதில் அடங்கும். புட்டி தரும் பெட்டிகளோடு நம் எல்லை முடிகிறது. டின் தருவன பிற்காலத்தவை. அவற்றை ஆராயப் பிற்காலத்தவர் வருவர்.

முன்னோடிகள்: காசு விழுந்தால் கோயில் தீர்த்தம் சொரியும் கருவி ஒன்றை அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கி.பி. 1ஆம் நூற்றாண்டிலேயே விவரித்துள்ளார். காசின் எடையால் ஒரு நெம்புகோல் சாயும், அடைப்பு திறக்கும், காசு வழுக்கி விழுந்ததும் மூடிக்கொள்ளும். இதற்கும் நம் பொருளுக்கும் தொடர்பில்லை. எனினும் முதல் இயலில் கிரேக்கத்தைத் தொட்டுவராத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் தொடமாட்டார்.

வகைப்பாடு: கான்சாஸ் நகரத்து வெண்டோ, ஃபிரெஸ்னோவின் வெண்டார்லேட்டர், சாட்டனூகாவின் கவாலியர், தபால் பெட்டியை ஒத்த ஜேக்கப்ஸ் என நான்கு. ஐந்தாவதும் உண்டு. நான்கோடு நிறுத்துவதே மரபு.

துரு: தீது.

குளிரூட்டி: பழைய கம்ப்ரசர்களில் ஓடியது ஆர்-12 என்னும் வாயு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் எழுந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாக அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995உடன் நின்றது. பழைய உறுப்பை அப்படியே காப்பதா, புதிதாகப் பொருத்துவதா என்ற வாதம் அன்று முதல் நடக்கிறது. வாதம் முடியும்வரை சோடா சூடாகவே இருக்கும்.

வண்ணம்: பெட்டியின் முகத்தில் எழுத்துகள் புடைத்து நிற்கும். முழுப் பெட்டிக்கும் வெள்ளையடித்து, எழுத்துகளை மறைத்து, மேலே சிவப்படிப்போர் ஒரு சாரார். சிவப்பை முதலில் அடித்து, புடைப்பின் மேல் மட்டும் வெள்ளையை உருளையால் ஒற்றுவோர் மற்றொரு சாரார். முன்னவர்க்கும் பின்னவர்க்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை. இருவரையும் இகழ்ந்து, துருவும் நசுங்கலுமே மூலபாடம், வண்ணமெல்லாம் இடைச்செருகல் என்று பெட்டியைத் தொடாமலேயே வைத்திருக்கும் மூன்றாம் சாராரும் உளர். இவர்களுக்கு வேலையில்லை, ஆகவே தத்துவம் நிறைய உண்டு.

இனி, நம் மையப் பொருள்.

கோகோ கோலா புட்டியின் விலை 1886 முதல் 1959 வரை பெரும்பாலும் ஐந்து சென்ட்டாகவே நின்றது. இது ஏன் நகரவில்லை என்று டேனியல் லெவி, ஆண்ட்ரூ யங் என்ற பொருளியல் அறிஞர் இருவர் 2004இல் நெடுங்கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அது அசல் ஆய்வு. இத்துறையில் அசலுக்கும் போலிக்கும் இடையே ஒரு புட்டி நுழையும் இடைவெளிதான் உண்டு. அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று, இயந்திரத்தின் காசுத் துளை. ஐந்து சென்ட் நாணயம் ஒன்றை மட்டுமே அது அறியும். ஆறு சென்ட்டுக்கு ஒற்றை நாணயம் கிடையாது. அடுத்த நாணயம் பத்து. அதை வைத்தால் விலை ஒரேயடியாக இரட்டிக்கும். 1950இல் நாட்டிலிருந்த 4,60,000 விற்பனை இயந்திரங்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் கோகோ கோலா கம்பெனியினுடையவை. துளையை மாற்றுவதைவிட நாட்டின் நாணயத்தை மாற்றுவது எளிது என்று தோன்றியதோ என்னவோ, கம்பெனியை ஆட்டிவைத்த ராபர்ட் உட்ரஃப், தம் நண்பரான அதிபர் ஐசன்ஹோவரிடம் 1953இல் ஏழரை சென்ட் நாணயம் அடிக்கும்படி கேட்டார். அடிக்கவில்லை.

இதனிடையே தோன்றியதே ஒன்பதாம் புட்டி. ஒன்பது புட்டிகளில் ஒன்றை வெறுமையாக வைத்துவிடுவது. அதற்கு 'அதிகாரபூர்வ வெறுமை' என்று பெயரும் சூட்டினார்கள். ஒன்பது காசுக்கு எட்டுப் புட்டி. நாற்பத்தைந்தை எட்டால் வகுத்தால் புட்டி 5.625 சென்ட். விலையும் ஏறவில்லை, துளையும் மாறவில்லை. ஒன்பதாவது ஆள் மட்டும் இன்னொரு காசு போட வேண்டும். சிறிது காலம் செய்து பார்த்தார்கள், நாடெங்கும் பரப்பவில்லை.

இங்கேதான் நம் வினா எழுகிறது. இயந்திரத்தை அதன் மெய்ந்நிலைக்கு மீட்பதாகச் சொல்பவர், ஒன்பதில் ஒரு புட்டியை வெறுமையாக வைக்கக் கடமைப்பட்டவரா?

வைக்க வேண்டும் என்போர் எண்ணியலைத் துணைக்கழைப்பர். வெண்டோ 81இல் எண்பத்தொரு புட்டி. ஒன்பதால் வகுத்தால் மீதியில்லை, வெறுமை ஒன்பது. வெண்டார்லேட்டர் 27இல் மூன்று, 72இல் எட்டு. ஆகா, என்னே பொருத்தம்! ஆனால் வெண்டோ 44இல் எட்டும், 39இல் மூன்றும் மிஞ்சுகின்றன. இவற்றை இவர்கள் பாடபேதம் என்று தள்ளுவர். கொள்கைக்குப் பொருந்தாத சான்றைப் பிழைபட்ட பிரதி என ஒதுக்குவது நம் புலத்தில் நெடுநாளாக நடைபெறுவதே. சோடாக்காரர்களை மட்டும் குறைசொல்ல நியாயமில்லை.

வைக்கலாகாது என்போர் கேட்பது: புட்டிகளை அடுக்குபவரே உரிமையாளர். எந்தப் புட்டி வெறுமை என்று அவருக்குத் தெரியும். தெரிந்த ஏமாற்றம் ஏமாற்றமாகுமா? இதற்கு மறுமொழியாக, அடுக்கும் வேலையை மனைவியிடம் விட வேண்டும் என்று ஒரு பழைய உரை கூறும். அவ்வுரைக்குக் கொட்டகையொன்றில் மைத்துனர் அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் பென்சிலால் எழுதிய குறிப்புரை, மனைவி ஒன்பதையும் வெறுமையாக வைத்துவிடக்கூடும் என்று அஞ்சும். அட்டை நனைந்து எழுத்து கலைந்தபின் எழுந்த ஊகப் பாடமோ, 'மனைவி' என்பதை 'மைத்துனர்' என்று திருத்தும். அத்திருத்தத்தை மறுத்து, பின்னர் மறுத்ததையே மறந்து, அதைத் தம் முடிவாக மேற்கோள் காட்டும் நான்காம் உரையொன்றும் உண்டு. அதற்குப் பிரதியில்லை, பதிப்பில்லை. அது இருந்ததற்கு ஒரே சான்று நாம் இங்கே குறிப்பிடுவதுதான். இத்தகைய சான்றின்மேல் எத்தனை காலக்கணிப்புகள் நிற்கின்றன என்று எண்ணப் புகோம். கணித்தவர்கள் பலர் இன்னும் தேர்வுக் குழுக்களில் இருக்கிறார்கள்.

வெறும் புட்டிக்கு மூடி உண்டா என்பது அடுத்த சிக்கல். மூடி இருந்தால் இயந்திரத்தின் பக்கத்திலுள்ள ஸ்டார் எக்ஸ் திறப்பானில் மாட்டித் திறக்க வேண்டும். அம்மூடி கீழேயுள்ள மூடித் தொட்டியில் விழும். விழுந்தால் விற்பனைக் கணக்கில் சேருமா, வெறுமைக் கணக்கிலா? மூடி இல்லையெனில் வெறுமை வெளிப்படை. ஆயினும் அதுவும் மற்ற எட்டோடு குளிர்ந்தே வந்திருக்கும். ஒன்றுமில்லாததைக் குளிரவைக்க எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்ற கோணத்தில் இதுவரை யாரும் அணுகாதது வியப்பே. மானியக் குழுக்களுக்கு அனுபவமில்லாத துறை என்றும் இதைச் சொல்ல முடியாது.

மேலாய்வுக் களங்கள்: இப்பொருள் குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்று கூட்டப்படவுள்ளது. கட்டுரையாளர்கள் பதிவுக் கட்டணத்தை ஐந்து சென்ட் நாணயங்களாகவே செலுத்த வேண்டும். பையும் மதிய உணவும் உண்டு. கட்டுரை வாசிக்கத் தலைக்கு மூன்று நிமிடம். சான்றிதழ் எல்லோருக்கும் உறையிலிட்டு ஒட்டித் தரப்படும். ஒன்பதில் ஓர் உறைக்குள் வெற்றுத்தாள் இருக்கும். அது கிடைக்கப்பெற்றோர் இன்னொரு முறை கட்டணம் செலுத்தலாம்.