ஊதியும் பெருக்காத பலூன்

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகன், ‘எக்ஸ் க்யூப்’ என்று முடிப்பதற்குள் ‘த்ரீ எக்ஸ் ஸ்கொயர்’ என்று வகைக்கெழுவைச் சொல்லிவிடுகிறான். மாறுவீதக் கணக்கு வந்தால் மட்டும் திருதிருவென முழிக்கிறானே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மந்திரம் மனப்பாடம் ஆகிவிட்டது, சாமிதான் யாரென்று தெரியவில்லை!

பாடப்புத்தகங்களின் செல்லப்பிள்ளையான பலூன் கணக்கையே எடுங்கள். உருண்டை பலூனில் விநாடிக்கு 100 கன செ.மீ. காற்று போகிறது. ஆரம் 5 செ.மீ. ஆகும் நேரத்தில் அது என்ன வேகத்தில் வளர்கிறது? பையன் அவசரப்பட்டு 5ஐ முதல் வரியிலேயே போட்டுவிடுவான். ஆரம் மாறிலி ஆகிவிட்டது. மாறிலியின் வகைக்கெழு பூஜ்யம். அப்புறம் நீங்கள் விடிய விடிய ஊதினாலும் அந்தப் பலூன் பெருக்காது.

முதலில் கனஅளவை நேரத்தைப் பொறுத்து வகையிட வேண்டும். எண்ணைப் பிறகுதான் போட வேண்டும். விடை விநாடிக்குச் சுமார் 0.32 செ.மீ.

வகைக்கெழு அரசியலிலும் தலைகாட்டியதுண்டு. அமெரிக்க அதிபர் நிக்ஸன் 1972இல், பணவீக்கம் அதிகரிக்கும் வேகம் குறைகிறது என்றார். விலைவாசியின் மூன்றாம் வகைக்கெழுவை வைத்து ஓட்டுக் கேட்ட முதல் அதிபர் இவர்தான் என்று ஒரு கணிதப் பேராசிரியர் பின்னாளில் கிண்டலடித்தார். விலை என்னவோ ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மகனிடம் கேளுங்கள்: அந்தப் பலூனின் ஆரம் 10 செ.மீ. ஆகும்போது அது வளரும் வேகம் எவ்வளவு? 0.16 என்றால் மறுபடி உட்கார வையுங்கள். 0.08 என்றால் பரோட்டா வாங்கிக் கொடுங்கள்.