இருபதில் ஒரு பங்கு

ஆன்லைன் போக்கரைச் சூதாட்டம் என்று சொன்னால் எங்கள் தெருத் தம்பிக்குக் கோபம் வரும். அது திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. திறமையின் முதல் பாடம், கைமுதலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேசையில் வைக்கக் கூடாது. பாவம், தருமருக்கு இது தெரியவில்லை. நாடு, தம்பிமார், பெண்டாட்டி எல்லாவற்றையும் ஒரே மேசையில் இறக்கிவிட்டார். கத்துக்குட்டி.

தம்பி அப்படியல்ல. இருபதாயிரம் இருந்தபோது ஆயிரம் ரூபாய் மேசை. இரண்டாயிரம் ஆனபோது நூறு ரூபாய் மேசை. நாற்பது ரூபாய் மிஞ்சியபோது இரண்டு ரூபாய் மேசை தேடினான். ஒழுக்கம் துளியும் குலையவில்லை. “கணக்குப்படி நான் ஓட்டாண்டியே ஆக முடியாதுண்ணே” என்றான். பெண்டாட்டியின் சங்கிலிகூடப் பத்திரமாகத்தான் இருக்கிறது, அடகுக்கடையில்.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குத் தடை போட்டது. தினமும் ஐந்து மணி நேரம் நஷ்டமே இல்லை. இதைவிட நல்ல உத்தி எந்த ஆட்டக்காரனுக்குத் தோன்றியது? ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து கடையையே மூடியது.

ஆறுதல் சொல்லப் போனேன். தம்பி சிரித்தான்.

“பந்தயமே கட்டாம, கவர் வீடு தேடி வர்ற ஆட்டம் ஒண்ணு இருக்குண்ணே. 2009 இடைத்தேர்தல்ல அதுக்கு நம்ம ஊர்ப் பேரத்தானே வச்சாங்க, திருமங்கலம் ஃபார்முலான்னு!”

மறுநாள் காலையிலேயே தாலுகா ஆபீஸ் போய், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.