மானா, குதிரையா?

கேள்வி: மானைக் காட்டிக் குதிரை என்று சாதிப்பதாகச் சீனாவில் ஒரு வழக்கு உண்டாமே, யார் கிளப்பிவிட்டது?

பதில்: சாவ் காவ் என்ற புண்ணியவான். கி.மு. 207. சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசர் ஹூஹாய் அரியணையில். கடிவாளம் மந்திரி சாவ் காவ் கையில். பேரரசரைக் கவிழ்க்குமுன் யார் யார் நம்ம ஆள் என்று தெரிய வேண்டாமா? ஒரு மானைச் சபைக்கு ஓட்டிவந்து, குதிரை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். பேரரசர் சிரித்துவிட்டு, சுற்றியிருந்தவர்களைக் கேட்டார். சிலர் வாயே திறக்கவில்லை. சிலர் குதிரையேதான் என்றார்கள் (சுழி பார்த்து ராசி சொல்லாததுதான் பாக்கி!). மான் என்று உளறிய அப்பாவிகளை மந்திரி குறித்துவைத்துக்கொண்டு, பிற்பாடு வழக்கு ஜோடித்து ஒழித்தார்.

அதே வருஷம் பேரரசரைத் தற்கொலை செய்ய வைத்தார். அடுத்து தானே தேர்ந்தெடுத்து உட்காரவைத்த ட்ஸூயிங் கையாலேயே செத்தும் போனார்! 206-ல் சின் வம்சமும் காலி. இதையெல்லாம் எழுதிவைத்த சீமா சியென், அந்த மானின் கதி என்னவென்று மட்டும் சொல்லவில்லை.