எடையதிகாரம்

லிஃப்டில் ஏறி உச்சிக்குப் போய்ச் சறுக்கி வருபவர்களுக்கு இந்நூலால் பயனில்லை. ஸ்கீயின் அடியில் ஒட்டுத்தோலை ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி மூன்று மணி நேரம் ஏறி, இருபது நிமிடத்தில் இறங்கி, அதையும் விடுமுறை என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்துக்காகவே இது எழுதப்படுகிறது. ஆல்ப்ஸில் அந்தக் கூட்டம் பெரிது. சுவிஸ் ராணுவம் 1943இல் தொடங்கிய செர்மாட் – வெர்பியே பனியாற்றுப் பந்தயம் இன்றும் நடக்கிறது. 2026 மிலான்–கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கிலும் மலையேற்ற ஸ்கீ இடம்பிடித்துவிட்டது. ஆனால் எந்த ஸ்கீயை எந்த பைண்டிங்கோடு சேர்ப்பது என்பதற்கு இதுவரை விலைப்பட்டியல்தான் உண்டு, இலக்கணம் கிடையாது. பட்டியல் எழுதியவர் எதையாவது விற்றாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

முதல் நூற்பா: ஏற்றத்தில் எடை பகை, இறக்கத்தில் எடை நட்பு. மற்றவையெல்லாம் இதற்கு உரை.

பகை எப்படியெனின்: ஆயிரம் மீட்டர் உயரத்தை நான்கில் ஒரு பங்குச் சரிவில் ஏறினால் பாதை நான்கு கிலோமீட்டர். எட்டுக்கு எழுபது சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 5,700 எட்டு. காலுக்கு அரைக் கிலோ கூடுதலாக மாட்டியவர் உச்சியைத் தொடுவதற்குள் மூன்று டன்னுக்குச் சற்றே குறைவாக முன்னே தள்ளியிருப்பார். இயற்பியல் வாத்தியார் இந்தக் கணக்கை ஒப்பமாட்டார். ஸ்கீயைத் தூக்கக் கூடாது, பனியோடு தேய்த்து நகர்த்த வேண்டும் என்பார். அவர் சொல்வது சரிதான். மூன்றாம் மணி நேரத்தில் தொடை சொல்வதும் சரிதான்.

ஸ்கீ மூவகைப்படும்: வல்லினம், மெல்லினம், இடையினம். பகுப்பதற்குக் கருவி இரண்டு. ஒன்று, காலடிக்கு நேர்கீழே உள்ள இடுப்பின் அகலம். மற்றது, ஒற்றை ஸ்கீயின் எடை.

மெல்லினம் 80 முதல் 88 மில்லிமீட்டர் அகலமும் ஆயிரம் முதல் 1,200 கிராம் எடையும் உடையது. 65 மில்லிமீட்டர் அகலத்தில் 700 கிராம் அளவில் நிற்கும் பந்தய ஸ்கீ இதன் கடைக்குட்டி. உள்ளே பாலோனியா போன்ற நொய்ம்மரம், மேலே கார்பன் இழை. இரவில் உறைந்து காலைவெயிலில் மேற்புறம் மட்டும் இளகிய வசந்தகாலப் பனியில் இதற்கு இணை கிடையாது. மேலே மெல்லிய ஓடும் கீழே மாவுமாக இருக்கும் பனியிலோ, ஓடு உடையும்போதெல்லாம் ஸ்கீ ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் போவார்கள். எடை நட்பு என்றது இதனால்தான்: கனமான பலகை ஓட்டை உடைத்துக்கொண்டு போகும், லேசான பலகை ஓட்டிடம் அனுமதி கேட்கும்.

வல்லினம் 105 மில்லிமீட்டருக்கு மேல், 1,700 கிராமுக்கு மேல். இது மிகும் இடம், மிகா இடம் இரண்டையும் மாணாக்கர் மனப்பாடம் செய்தல் நலம். ஜனவரியில் ஹொக்கைடோவில் இடுப்பளவு பொடிப்பனியில் வல்லினம் மிகும். ஏற்றம் சிறிதாகவும் இறக்கமே குறியாகவும் இருக்கும் எங்கும் மிகும். ஷமோனியிலிருந்து செர்மாட்டுக்கு ஏப்ரலில் குடில் குடிலாகப் பல நாள் போகும் மேல்வழியில் வல்லினம் மிகாது. மிகுத்தவர் இரண்டாம் நாளே மெலிவார்.

இடையினம் 88 முதல் 100 மில்லிமீட்டர், 1,200 முதல் 1,500 கிராம். எதிலும் முதல் பரிசு வாங்காது, எதிலும் தோற்காது. அதனாலேயே இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

இனிப் புணரியல். பூட்ஸ் நிலைமொழி, ஸ்கீ வருமொழி. இரண்டையும் சேர்ப்பது பைண்டிங். ஏறும்போது முனை மட்டும் புணர்ந்து குதிகால் விலகி நிற்கும். இறங்கும்போது இரண்டும் புணரும். விழும்போது இரண்டும் பிரிய வேண்டும். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றில் இங்கே உயிர்நாடி கெடுதல்தான். கெட வேண்டிய இடத்தில் கெடாத புணர்ச்சி முழங்காலைக் கெடுக்கும்.

பழைய சட்டவகை பைண்டிங், முனையிலிருந்து குதிகால்வரை ஒரே சட்டம். குதிகாலோடு சட்டமும் எழும். ஒரு காலுக்கு ஒரு கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல். உறுதியில் குறையில்லை, ஆனால் எட்டுக்கு எட்டு அதையும் தூக்க வேண்டும். இந்தத் துன்பத்தைத் துடைத்தவர் ஃப்ரிட்ஸ் பார்த்தெல் என்னும் ஆஸ்திரியர். 1980களில் கனத்த சாமான்களோடு மோன் பிளாங் ஏறிக் களைத்தவர், உடற்பயிற்சியைக் கூட்டுவதைவிடச் சாமானின் எடையைக் குறைப்பதே மேல் என்று துணிந்தார். சோம்பலிலிருந்து இவ்வளவு பெரிய நன்மை வேறெங்கும் விளைந்ததாகத் தெரியவில்லை. சட்டத்தையே நீக்கிவிட்டார். முனையில் இரண்டு பின். அவை பூட்ஸின் மூக்கில் இருபுறமும் உள்ள உலோகக் குழிகளில் பாயும். பின்னால் இன்னும் இரண்டு பின். ஏறும்போது அந்தக் குதிகால் துண்டைத் திருப்பிவிட்டால் பூட்ஸ் அதைத் தொடாது. டைனாஃபிட் நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஊரெல்லாம் எடுத்தது.

பின்வகை தானும் மூன்றாகும். பந்தயப் பின் 100 முதல் 150 கிராம், பிரேக் கிடையாது, குதிகாலில் வளைந்த எஃகுக் கம்பி ஒன்றே, அதன் விடுவிசையைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. உங்கள் எடைக்கு அது பொருந்துமா என்று கம்பி கேட்காது. பயணப் பின் 200 முதல் 350 கிராம்; பக்கவாட்டு விடுவிசையையும் மேல்நோக்கிய விடுவிசையையும் தனித்தனியே திருகி வைக்கலாம். கலப்புவகையில் மார்க்கர் கிங்பின், சாலமன் ஷிஃப்ட் போன்றவை அடங்கும். இறக்கத்தில் சாதாரண ஆல்பைன் பைண்டிங்கை நெருங்கும். எடை 650இல் தொடங்கி 900 வரை போகும்.

நார்வேயின் ரோட்டஃபெல்லா நிறுவனம் 1927இல் கொண்டுவந்த டெலிமார்க் பைண்டிங்கில் குதிகால் எப்போதும் விடுதலை. முனையில் மூன்றே மூன்று பின். மூன்று புள்ளியோடு எந்த இனத்திலும் சேராமல் தனித்து நிற்பதால் இதை ஆய்தம் என்று குறித்துவிட்டு மேலே செல்கிறோம்.

புணரியலில் மாணாக்கர் அதிகம் தவறுவது ஓரிடத்தில். உச்சியில் ஸ்கீயைக் கழற்றித் தோலை உரிக்கும்போது பூட்ஸ் பனியில் பதியும். மூக்குக் குழிகளில் பனி அடைந்து, காற்றுப்பட்டதும் கல்லாக இறுகும். முனைத்துண்டின் ஸ்பிரிங் அடியிலும் அப்படியே. மிதித்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும், மாட்டியதுபோலவே இருக்கும்; ஆனால் பின் முழு ஆழத்துக்குப் போயிருக்காது. மூன்றாம் திருப்பத்தில் ஸ்கீ தனியே ஊர் திரும்பும். ஆகவே கத்திமுனையால் குழியைச் சுரண்டுக. மூக்கை மட்டும் மாட்டிக் காலை முன்னும் பின்னுமாகச் சிலமுறை ஆட்டுக. பின்பே குதிகாலை மிதிக்க. ஏற்றத்தில் மேலே இழுத்துப் பூட்டிய முனை நெம்புகோலை இறக்கத்துக்குமுன் தாழ்த்துக. பூட்டியே இறங்குபவருக்கு விழும்போது ஸ்கீ கழலாது, பனிச்சரிவில் சிக்கினாலும் கழலாது.

சார்பெழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்வோம். மொஹேர் தோல் நன்றாக வழுக்கும், நைலான் தோல் நன்றாகப் பிடிக்கும், கலவை இரண்டையும் ஓரளவு செய்யும். பிரேக் இல்லையேல் கால்வார் கட்டாயம்.

எழுத்தில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் நயமாக நிற்கும், ஸ்கீயில் நிற்காது. ஆயிரம் கிராம் பலகையின்மேல் 900 கிராம் கலப்பு பைண்டிங் ஏற்றியவர் இரண்டுக்கும் விலை கொடுத்து ஒன்றையும் பெறாதவர். இனம் இனத்தோடு சேர்க. பூட்ஸும் அப்படியே: மெல்லிய பூட்ஸால் வல்லினப் பலகையைத் திருப்ப முடியாது.

எடை கூறும் பட்டியல்கள் மூவகையாக மயக்கும். பைண்டிங் எடையில் பிரேக்கும் திருகும் சேராமல் இருக்கும். ஸ்கீயின் எடை 170 சென்டிமீட்டருக்கு எழுதியிருக்கும், நீங்கள் வாங்குவது 184 ஆக இருக்கும். ஒரே பக்கத்தில் ஒரு நிறுவனம் ஒற்றைக்கு எழுதும், இன்னொன்று ஜோடிக்கு எழுதும்.

தீர்ப்பு: வாரக்கடைசியில் மலையேறும், பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காத, முழங்காலை இன்னும் முப்பது வருடம் பயன்படுத்த விரும்பும் ஒருவருக்கு 90 மில்லிமீட்டர் அளவில் 1,300 கிராம் இடையினப் பலகையும், விடுவிசை திருகக்கூடிய 300 கிராம் பயணப் பின்னும் போதும். அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் விலை ஏறும், இறக்கத்தின் சுகம் குறையும். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர், குத்துக்கோல், மண்வெட்டி மூன்றும் இந்த அதிகாரத்துக்குள் வரா. அவற்றில் எடை குறைக்க நினைப்பவருக்கு இந்நூலைக் கற்பிக்கலாகாது. கையிருப்பு ஒரு பொருளுக்குத்தான் காணுமென்றால் காலுக்குச் சரியாகப் பொருந்தும் பூட்ஸை முதலில் வாங்குங்கள். பலகையையும் பைண்டிங்கையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, சீசன் முடியும் ஏப்ரலில் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.