பொறந்த வீடு மறைமலை நகர், புகுந்த வீடு புதுப்பேட்டை

மருமவனே, கார் வாங்கிட்டியாமே! சந்தோஷம். ஓ.எம்.ஆர்.ல அவனவன் பேட்டரி காரை வாங்கி சத்தமில்லாம ஊர்ந்துகினு இருக்கிறப்போ, நீ 2009ல பொறந்த ஃபோர்டு டீசல் ஐகானைத் தேடிப் புடிச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி, நாவலூர் தெருவுல ஹாரன் அடிச்சிகினு வந்திருக்கே. நம்ம டோல்கேட்டுல வசூலை 2023 அக்டோபர்ல நிறுத்தினது உனக்குத்தான் நஷ்டம். காசு கட்ட நிக்கிற சாக்குல வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கும்.

யோசனை கேக்கணும்னு சொன்னியாம். காசு வாங்கிகினு சொல்றவன் கிட்டயெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, கடைசியா ஓசியில சொல்ற மாமன் ஞாபகம் வந்திருக்குது. பரவால்ல, உக்காரு. அந்தச் சாவிய விரல்ல சுத்தறத மட்டும் நிறுத்து.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கோ, நீ வாங்கினது அமெரிக்கா வண்டி இல்ல. நம்ம மாவட்டத்து வண்டி. ஃபோர்டுகாரன் 1990கள்ல மஹிந்திராவோட கூட்டு சேந்து வந்தான், 1996ல எஸ்கார்ட் விட்டான், 1999ல ஐகான். ஐகானை மறைமலை நகர்லதான் செஞ்சான். 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் செய்யறத நிறுத்தறேன்னான், 2022 ஜூலைல நம்ம ஃபேக்டரியில கடைசி வண்டி வெளிய வந்துச்சு. இப்ப திரும்ப வரேங்கிறான். இன்ஜின் செய்யப் போறானாம், 2029லேருந்து. அது உன் ஐகானுக்குச் சேராது, ஓடிப் போயி வாசல்ல நிக்காத.

இந்தக் கூத்து நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. வண்டலூர் தாண்டி பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்னு இருந்துச்சு. 1961லேருந்து ஹெரால்டு கார் செஞ்சான், பாக்க லட்சணமா இருக்கும். 1985ல ஸ்டாண்டர்டு 2000னு ஒண்ணு விட்டான். மேல சட்டை இங்கிலாந்து ரோவர், உள்ள இன்ஜின் தாத்தா காலத்து வேன்கார்டு வழியில வந்தது. வெலயும் ஜாஸ்தி, பெட்ரோலையும் ஜாஸ்தியா துன்னுச்சு. எண்பதுகள் முடியறதுக்குள்ள கதை முடிஞ்சிது. அந்த எடத்துல இப்ப ஐ.டி. பூங்கா. உன் ஜாதி ஆளுங்கதான் உக்காந்து தட்டிகினு இருக்கிறாங்க. கம்பெனி போனப்புறம் ஹெரால்டு வச்சிருந்தவன் லேத் பட்டறை வாசல்ல உக்காந்து, ஒவ்வொரு புஷ்ஷா கடைஞ்சு வாங்கிப் பொழப்பு நடத்தினான்.

பொண்ணு பாக்கப் போறவன் பொண்ண மட்டுமா பாக்கறான்? அத்தை யாரு, மாமன் யாரு, கஷ்டம்னா தூக்கி விட நாலு பேர் இருக்காங்களான்னு விசாரிக்கிறான் இல்ல? பழைய காருக்கும் அதேதான். அம்பாசடரைப் பாரு. 1950கள் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் பெருசா முகம் மாறாம ஓடுச்சு. மாருதி 800, 1983 டிசம்பர்லேருந்து 2014 ஜனவரி வரைக்கும் லட்சக்கணக்குல வந்துச்சு. அதுங்களுக்கு தெருவுக்கு நாலு சொந்தம். நீ அதையெல்லாம் விசாரிக்கல. சிவப்பா இருக்குதுன்னு கட்டிகினு வந்துட்டே.

ஆனா உனக்கு யோகம் இருக்குது. உன் வண்டியில இருக்கிற 1.4 டீசல் இன்ஜின் இருக்கே, அதே இன்ஜினைத்தான் ஃபியெஸ்டாவுலயும் பழைய ஃபிகோவுலயும் போட்டான். அக்கா தங்கச்சிங்க. அதனால கடையில போயி "ஐகானுக்கு இருக்கா"ன்னு மட்டும் கேட்டுட்டு, இல்லன்னதும் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வராத. கழட்டின சாமானைக் காட்டி, "ஃபிகோவோடது எடுங்க, பாப்போம்"னு சொல்லு. சாமான் மேல அச்சு அடிச்சிருக்கிற நம்பரை ஒத்துப் பாரு. நம்பர் ஒத்துப் போச்சுன்னா சொந்தம். ஒத்துப் போவலன்னா, போல்ட்டு ஓட்டை ஒண்ணா இருந்தாலும் சொந்தமில்ல.

சரி, பழைய சாமானுக்கு புதுப்பேட்டை. எழும்பூர் பக்கத்துல, கூவம் ஓரம். போறப்ப நல்ல இஸ்திரி சட்டை போட்டுக்கோ. ஆபீஸ் அட்டைய கழுத்துல தொங்க விட்டுக்கோ. ஒரு கையில பெரிய போன், மறு கையில சாவி. நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வெல தானா ஏறும், உனக்குப் பேரம் பேசற செரமம் மிச்சம். எனக்கு அந்த வசதி கெடையாது. நான் லுங்கி கட்டிகினு, பழுதான சாமானை கோணியில சுருட்டிகினு போவேன். "எங்க முதலாளி வண்டிப்பா, அவரு கையிலேருந்து காசு வராது"ன்னு சொல்லுவேன். அப்புறம் டீ சாப்புடுவேன். டீ முடியறதுக்குள்ள வெல எறங்கலன்னா அடுத்த கடை.

புதுசாதான் வேணும்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போ, மவுண்ட் ரோட்டுலேருந்து எட்டி நடந்தா வந்துடும். புதுப்பேட்டையை அப்படியே பேத்து நம்ம ஆப்பூருக்குக் கொண்டாரப் போறோம்னு சர்க்கார் பேசி ரொம்ப வருஷமாச்சு. அது வந்து சேர்ற வரைக்கும் ஐகான் தாங்காது, நீ கூவத்துக்கே போயிடு.

பழசு எது வாங்கலாம், எது கூடாதுன்னு உனக்குத் தெரியும்தான், ஆனாலும் கேளு. கதவு, கண்ணாடி, லைட்டு, சீட்டு, டேஷ்போர்டு, வைப்பர் மோட்டார் எல்லாம் பழசே போதும். கதவு வாங்கறப்போ பாக்கெட்டுல ஒரு காந்தம் எடுத்துகினு போயி, கீழ் ஓரமா ஒட்டிப் பாரு. ஒட்டாம வழுக்கினா உள்ள இரும்பு இல்ல, பட்டி பூசி பெயிண்டு அடிச்ச கோலம். ஆல்டர்னேட்டர்னா கையால சுத்தி காதுகிட்ட வச்சுக் கேளு, பேரிங் கரகரன்னா வச்சிடு. பேட்டரி குடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லு. காட்ட மாட்டேங்கிறவன் ஏற்கெனவே ஓட்டிப் பாத்துட்டான்னு அர்த்தம்.

பிரேக் பேடு, பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட், சீட் பெல்ட், ஏர்பேக், டயர் இதெல்லாம் பழசு வாங்கி மிச்சம் புடிக்கணும்னு தோணுச்சுன்னா, உன் பொண்டாட்டி கிட்ட சொல்லிட்டு வாங்கு. அவ பாத்துக்குவா.

இன்ஜினே வேணும்னா கொஞ்சம் நிதானம். அதுல நம்பர் இருக்குது. பில்லு இல்லாம, அது எந்த வண்டியிலேருந்து வந்துச்சுங்கிற காகிதம் இல்லாம மலிவா கெடைக்குதுன்னு தூக்கிப் போட்டேன்னா, மலிவு இன்னான்னு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து கணக்குப் போடலாம். சரியான இன்ஜினா இருந்தாலும் மாத்தினத ஆர்.டி.ஓ. ஆபீசுல சொல்லி ஆர்.சி.யில ஏத்தணும். அந்த ஆபீசுக்கு எப்படியும் நீ போவத்தான் போறே. 15 வயசுக்கு மேல ஒவ்வொரு 5 வருஷத்துக்கும் பதிவப் புதுப்பிக்கணும் இல்ல? 600 ரூபாயா இருந்தத 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினான். 2025ல, 20 வயசு தாண்டின காருக்கு 10,000னு சொல்லிட்டான். உன் வண்டிக்கு 20 ஆவறதும் 2029லதான், ஃபோர்டுகாரன் இன்ஜின் செய்ய வர்றதும் 2029லதான். ஒரே வருஷத்துல ரெண்டு விசேஷம்.

அப்புறம் இந்த வெள்ளத்து சாமான். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டு தரமும் நம்ம ரோட்டுல கார் மெதந்துச்சு. முழுவின வண்டியெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிற? பிரிச்சு மேய்ஞ்சிட்டாங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, அடியில மண் கோடு தெரியும். ஹெட்லைட்டு உள்ள தண்ணி நின்ன வட்டம் இருக்கும். அந்த வண்டியிலேருந்து கதவு வாங்கு, தப்பில்ல. ஒயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, மோட்டார் மட்டும் தொடாத. இன்னிக்கு வேலை செய்யும், நாளான்னிக்கு உள்ள பச்சை பூத்துடும்.

அடுத்த மழையில உன் வண்டியே முழுவினா, வீரமா சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாப்பே, எனக்குத் தெரியும். பிஸ்டன் காத்த அமுக்கும், தண்ணிய அமுக்க முடியாது. உள்ள தண்ணி பூந்திருக்கிறப்போ சுத்தினா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். நீயே ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்ததுன்னு இன்சூரன்ஸ்காரனும் கைய விரிச்சிடுவான். சாவிய அத்தை கிட்ட குடுத்துட்டு படுத்துக்கோ. தள்ளிகினு போயி மெக்கானிக் கிட்ட விடற வேலையை விடிஞ்சப்புறம் பாக்கலாம்.

தெனம் பாக்க வேண்டியது துருவுதான். கோவளத்துக் காத்தும் கேளம்பாக்கத்து உப்பளமும் உனக்கு பொழுதுபோக்கு, இரும்புக்கு இல்ல. வாரா வாரம் நீ மேல பாலிஷ் போட்டு முகம் பாத்துக்கற. துரு கீழேருந்துதான் ஏறும். கதவு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வடியறதுக்கு. வேப்பிலை அடைச்சிகினு கெடக்குது பாரு, ஒரு தென்னங்குச்சி விட்டுத் தள்ளு. மகாபலிபுரம் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில அடிப்பக்கத்த கழுவு. ரேடியேட்டருக்கு போர் தண்ணிய ஊத்தாத, நம்ம ஊரு போர் தண்ணி உப்பு. கூலன்ட் வாங்கிக் காசு போனா போவட்டும், அது ஒண்ணுதான் நீ பண்ற செலவுல உருப்படி.

வேற இன்னா? ஒண்ணும் இல்ல. ஆசையா வாங்கிட்டே, ஓட்டு. என்னிக்காவது மனசு வெறுத்துப் போயி இத கழிச்சிக் கட்டலாம்னு தோணுச்சுன்னா, புதுப்பேட்டைக்காரனுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. முன் சீட்டு ரெண்டும் எனக்குத்தான். நீ உள்ள அத்தை கிட்ட மோர் வாங்கிக் குடிச்சிகினு இருந்தப்பவே திண்ணைக்கு அளவு எடுத்துட்டேன்.