சைக்கிள் இழுக்கும் கயாக்: நீளவியல் நோக்கில் ஒரு பூர்வாங்க ஆய்வு

நீரில் போக வேண்டிய பொருளைத் தரையில் எப்படிக் கொண்டுபோவது என்ற வினா, மனித குலத்தின் பெரிய வினாக்களுள் ஒன்றாக இதுவரை எண்ணப்படவில்லை. ஆனாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறை நாள்களில் கார் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டு குழாய் அறுக்கும் ஒரு கூட்டம், இந்த ஒரு வினாவுக்கே தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறது. அவர்களிடம் கயாக் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, எட்டும் தூரத்தில் ஏரியும் இருக்கிறது. கார் இல்லை, அல்லது இருந்தும் எடுக்க மனமில்லை. இத்தனையும் ஒரே வீட்டில் கூடினால் அங்கே ஓர் இழுவண்டி பிறந்தே தீரும். அவ்வண்டியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் எடையைக் கண்டு அஞ்சுகிறார்கள். அது வீண் அச்சம். கடலில் ஓட்டும் ஐந்து மீட்டர் பிளாஸ்டிக் கயாக் ஒன்று ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். ஓர் அரிசிச் சிப்பத்தின் எடை. அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கட்டி வீடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். சிப்பம் ஐந்து மீட்டர் நீளமில்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. சைக்கிளுக்கு 1.8 மீட்டர், இடைவெளிக்கு ஒரு சாண், படகுக்கு 5 மீட்டர் என்று கூட்டினால் மொத்தம் 7 மீட்டர் தேறும். எடை ஓட்டுகிறவரின் முழங்காலுக்கும் அவருக்கும் இடையிலான சொந்த விவகாரம். நீளமோ, தெருவில் போகிற எல்லோரும் கருத்துச் சொல்லக்கூடிய பொது விவகாரம். இவ்வண்டியின் எல்லாச் சிக்கல்களும் நீளத்தில் பிறக்கின்றன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வரலாற்றுப் பின்னணி தராத ஆய்வை அறிஞர் அவை ஏற்காது. கயாக்கை ஆக்கியவர்கள் ஆர்க்டிக் கரைவாழ் மக்கள். மிதந்து வந்த மரத்தாலோ திமிங்கில எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தார்கள். அளவுகோல் வேட்டைக்காரரின் உடம்புதான்: இரு கைகளையும் விரித்த அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம், உட்காரும் இடத்தில் இடுப்பகலத்தோடு இரண்டு கைமுட்டி என்பது கிரீன்லாந்துப் பக்கம் சொல்லப்படும் கணக்கு. ஒருவர் தாமே தூக்கிச் செல்லும் அளவுக்கு அது இலேசாகவும் இருந்தது. பனிப்பரப்பில் தெருமுனைகள் இல்லாததால் நீளத்தைக் குறைக்கும் அவசியம் அவர்களுக்கு நேரவில்லை.

தெருமுனைகள் உள்ள நாடுகளுக்கு இந்தப் படகு வடிவத்தைப் பிரபலமாகக் கொண்டுசேர்த்தவர் ஜான் மக்கிரகர் என்ற லண்டன் வழக்கறிஞர். 'ராப் ராய்' என்று பெயரிட்ட படகோடு 1865இல் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி வந்து, மறு ஆண்டே அதைப் புத்தகமாக்கினார். ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போக ரயிலையும் கட்டை வண்டியையும் நாடினார். சைக்கிளை நாடவில்லை என்று அவரைக் குறை சொல்வதற்கில்லை. இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக, சங்கிலியால் ஓடும் ஸ்டார்லியின் 'ரோவர்' 1885இல்தான் வந்தது. டன்லப் காற்றுச் சக்கரம் 1888இல். மக்கிரகர் 1892இல்தான் மறைந்தார் என்பதை மட்டும் சற்று மனவருத்தத்தோடு குறித்துக்கொள்ளலாம். அவகாசம் இருந்திருக்கிறது.

இனி எதிர்வாதம். நீளம்தானே நோய்? படகையே மடக்கிவிட்டால் என்ன? இது அற்பமான வாதமன்று. மியூனிக்கில் கட்டடக்கலை மாணவராக இருந்த ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் 1905இல் மரச்சட்டமும் துணித்தோலும் கொண்ட மடக்குப் படகைச் செய்து காட்டினார். ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோகான் கிளெப்பர் 1907இல் உரிமையை வாங்கி அதைத் தொழிலாக்கினார். பையில் கட்டி ரயிலேறிப் போனார்கள் ஜெர்மானியர்கள். மடக்கினால் உறுதி போய்விடும் என்று வாதிடவும் வழியில்லை. ஹன்னஸ் லிண்டெமன் என்ற மருத்துவர் 1956இல் அப்படியொரு கிளெப்பர் படகில் 72 நாளில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்துவிட்டார். எனவே எதிர்வாதியை வீழ்த்த ஒரே வழி, மடக்குப்படகின் விலைப்பட்டியலை அவர் கையில் கொடுப்பதுதான். மேலும், மடக்கத் தெரிந்தவருக்கு வெல்டிங் செய்யும் பாக்கியம் கிடைப்பதில்லை.

மடக்காதோருள் இரண்டு மரபுகள் உண்டு. சட்டக மரபினர் முழு வண்டி ஒன்றைச் செய்து அதன்மேல் படகைக் கிடத்துவார்கள். படகே உத்தரம் என்னும் மரபினர் நடுப்பகுதிக்கு அடியில் ஓர் அச்சும் இரண்டு சக்கரமும் மட்டும் வைத்து வாரால் இறுக்கி, படகின் மூக்கை நேரே சைக்கிளோடு பிணைத்துவிடுவார்கள். கலையழகில் பின்னவர்களே மேல். ஐந்து மீட்டருக்கு வளையாத பொருள் ஒன்று கைவசம் இருக்கும்போது அதன் அடியில் இன்னொரு நீளச் சட்டம் எதற்கு? ஆனால் வாரில் கொஞ்சம் தளர்ச்சி கண்டாலும் அச்சு கோணலாகும். கோணலான அச்சு படகைச் சாலையின் ஓரத்துக்கே இழுத்துப் போகும்.

எந்த மரபானாலும் அச்சு எங்கே அமைய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பாரத்தின் மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் வண்டி சைக்கிளின் பின்பக்கத்தை மேலே தூக்கும். வேகம் கூடும்போது இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அதனால் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது இழுவண்டிக்காரர்களின் பொது விதி. 25 கிலோ படகு, கொக்கிக்கும் மூக்குக்கும் ஒரு சாண் என்று வைத்துக் கணக்கிட்டால், அச்சு படகின் நடுவிலிருந்து சுமார் 30 செ.மீ. பின்னால் வருகிறது. கொக்கியிலிருந்து அளந்தால் 3 மீட்டர்.

இந்த 3 மீட்டரில்தான் பிதாகரஸ் வந்து மாட்டிக்கொள்கிறார். கொக்கி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சீராகத் திரும்புவதாகக் கொள்க. வண்டியின் அச்சு தொடரும் வட்டத்தின் ஆரம் 25இலிருந்து 9ஐக் கழித்து வர்க்கமூலம் கண்ட அளவு, அதாவது 4 மீட்டர். பள்ளிக்கூடத்தில் 3, 4, 5 என்று மனப்பாடம் செய்த முக்கோணம் முதல்முறையாக ஒரு பயன்பாட்டைக் கண்டிருக்கிறது. தான் எவ்வளவு கச்சிதமாகத் திரும்பினாலும் படகின் சக்கரங்கள் ஒரு மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதை ஓட்டுகிறவர் இதனால் அறிவார். அந்த ஒரு மீட்டருக்குள் விளக்குக் கம்பம் இருந்தால் முன்னதாகவே அறிவார். தவிர, வலப்பக்கம் திருப்பிய அந்தத் தொடக்க நொடியில், அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் 2 மீட்டருக்கு மேற்பட்ட வால் இடப்பக்கம் வீசும். கண் முன்னால் இருக்க, வால் பின்னால் இருப்பதால் இந்த நிகழ்வை ஓட்டுநர் நேரில் ஆராய்வது அரிது. நடைபாதையில் நிற்பவர்களே முதன்மைச் சாட்சிகள்.

சக்கரத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான வண்டிகள் உயிரை விடுகின்றன, ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். சைக்கிள் சக்கரத்தின் அச்சு, ஃபோர்க்கின் இரு கால்களுக்கிடையே இருபுறமும் தாங்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. முன்சக்கர அச்சின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. அதைக் கழற்றி வந்து சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு முனையை மட்டும் முடுக்கி, மறுமுனையை அந்தரத்தில் விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். சில வாரங்களில் சக்கரங்களின் தலைகள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். இதற்குப் பரிகாரம் இரண்டு. சக்கரத்துக்கு வெளிப்புறமும் ஒரு சட்டம் ஓட்டி இருபுறமும் தாங்கலாம். வண்டி அகலமாகும், கனக்கும். அல்லது ஒருபக்கத் தாங்கலுக்கென்றே பிறந்த சக்கரங்களைத் தேடலாம். சக்கர நாற்காலியின் அரை அங்குல அச்சு, பொத்தானை அமுக்கினால் கழன்றுவரும். குழந்தைகளை உட்காரவைத்து இழுக்கும் ட்ரெய்லரின் 16 அல்லது 20 அங்குலச் சக்கரங்களும் அவ்வகையே.

அதனால்தான் இத்துறையறிஞர்கள் பழைய குழந்தை ட்ரெய்லர்களை வட்டமிட்டபடியே இருக்கிறார்கள். குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள், ட்ரெய்லர் வளர்வதில்லை. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஓர் ஊரில் இந்த ஆண்டு எத்தனை கயாக் வண்டிகள் உருவாகும் என்பதை ஆறேழு ஆண்டுக்கு முந்தைய பிறப்புக் கணக்கே தீர்மானிக்கிறது என்ற கருதுகோளை மக்கள்தொகை அறிஞர்களின் பரிசீலனைக்கு இக்கட்டுரை தாழ்மையுடன் முன்வைக்கிறது.

சட்டத்துக்கான பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிவிசி குழாய் மலிவு, பசை போதும், குழந்தையும் ஒட்டலாம். ஆனால் பாரத்தில் நெளியும், வெயிலிலேயே கிடந்தால் நொறுங்கும் தன்மை வரும். மரம் நல்லது, கனம். அமெரிக்கர்களின் விருப்பம் மின்கம்பி செலுத்தும் மெல்லிய இரும்புக் குழாய்: கையால் வளைக்கும் கருவி கிடைக்கிறது, முனையைத் தட்டையாக்கித் துளையிட்டால் போல்ட் போட்டுவிடலாம். மேலே துத்தநாகப் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால் வெளிவரும் புகை, அன்றிரவே காய்ச்சலாகவும் நடுக்கமாகவும் திரும்பி வரும். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

கொக்கிக்கு மூன்று சுதந்திரம் வேண்டும். பக்கவாட்டில் திரும்ப வேண்டும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும், சைக்கிள் சாய்ந்தால் படகைக் கூடவே சாய்க்காமல் உருள வேண்டும். மூன்றாவதை மறந்தவர்கள், சைக்கிளை ஸ்டாண்டில் சாய்த்த மாத்திரத்தில் படகும் கவிழ்வதைக் கண்டு நினைவுகூர்வார்கள். இதற்காக ஏர் கம்ப்ரஸர் குழாயின் விரைவு இணைப்பியைப் பொருத்தியவர்கள் உண்டு. தடித்த ரப்பர் குழாயில் இரண்டு போல்ட் ஏற்றியவர்களும் உண்டு. சீட்டுக்கு அடியில் மாட்டுவது சுலபம்தான். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் பாரம் அவ்வளவு உயரத்தில் தள்ளினால் சைக்கிள் தடுமாறும். பின்சக்கர அச்சருகே தாழ்வாக மாட்டுவதே பாதுகாப்பு. எங்கே மாட்டினாலும் கூடவே ஒரு நாடாவைச் சட்டத்தில் சுற்றிவிட வேண்டும். கொக்கி கைவிட்ட பின்னும் படகு ஊருக்குள் தனியே உலாப் போகாதிருக்க அதுவே பிணை.

படகைக் கட்டும் வாரிலும் ஒரு நுட்பம் உண்டு. பல்சக்கரம் வைத்து முறுக்கும் லாரி வார், பிளாஸ்டிக் உடலை அமுக்கிக் குழியாக்கிவிடும். வெயிலில் அந்தக் குழி இன்னும் ஆழமாகும். கையால் இழுத்தால் நிற்கும் பக்கிள் வார் போதும். அடியில் நீச்சல்குளத்துக் குழந்தைகள் கட்டிப்பிடித்து மிதக்கும் நுரைக்குழாயைப் பிளந்து மாட்டினால் படகுக்கு மெத்தை ஆகிவிடும்.

சட்டமும் நீளத்தையே நோக்குகிறது. ஜெர்மானியச் சாலைவிதியின்படி, வண்டியின் பின்புறப் பிரதிபலிப்பானைத் தாண்டிச் சரக்கு ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதை அடையாளப்படுத்தியே ஆக வேண்டும்; அதற்கு 30க்கு 30 செ.மீ.க்குக் குறையாத சிவப்புக் கொடி ஒன்றைக் குறுக்குக் குச்சியில் விரித்துக் கட்டலாம். பாயே இல்லாத படகு இவ்வாறு தரையில் கொடியேற்றுகிறது.

ஏரியென்றால் ஆய்வு இங்கே முடிந்துவிடும். புறப்பட்ட கரைக்கே திரும்பி வரலாம். ஆறுதான் புது வினா எழுப்புகிறது. நீரோட்டத்தோடு இறங்கிய பின் சைக்கிளும் வண்டியும் மேலே மரத்தடியில் பூட்டிக்கிடக்கும். மினியாபொலிஸில் 2016இல் தொடங்கிய மிசிசிப்பி துடுப்புப் பகிர்வுத் திட்டம் இதைப் படகும் சைக்கிளும் சொந்தமாக இல்லாமலேயே தீர்த்தது: ஒரு நிலையத்தில் வாடகைக் கயாக்கை எடுத்து, கீழே இன்னொரு நிலையத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்த வாடகைச் சைக்கிளில் திரும்பிவிட முடிந்தது. சொந்த வண்டி செய்தவர்களுக்கு இத்தீர்வு கௌரவக் குறைவு. அவர்களுள் துணிந்தவர்கள் மடக்குச் சைக்கிளையும் கழற்றிய வண்டியையும் படகிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள். குழாய்ச் சட்டம் உள்ளறைக்குள் போய்விடும். 16 அங்குலச் சக்கரம் சுமார் 40 செ.மீ. விட்டம், கயாக் அறையின் வட்ட மூடி பெரும்பாலும் 25 செ.மீ.யைத் தாண்டாது. ஆகவே சக்கரங்கள் இரண்டும் பின்தளத்தில் மல்லாந்து, ரப்பர் கயிற்றுக்கடியில் பயணம் செய்கின்றன. கரையேறியதும் அவற்றின் ஹப்பில் புகுந்த தண்ணீரைத் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும்.