சுவரும் சர்வரும்

நான் பிறந்ததற்கு அரசாங்கத்திடம் சாட்சி கிடையாது. "ஏரி ஒடைஞ்ச வருஷம், கார்த்திகைக்கு முன்ன" என்பாள் ஆயா. பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டார். அந்தத் தேதியில் கேக்கும் வெட்டியிருக்கிறேன்.

மகள் கர்ப்பமானபோது நிலவரமே வேறு. 2008-இல் தமிழ்நாட்டில் வந்தது பிக்மி என்ற கர்ப்பிணிகளுக்கான கணினிப் பதிவு. 2017 முதல் அதன் 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே இல்லை. எங்களுக்குச் சொல்லும் முன்பே மகள் நர்சம்மா கணக்கில் ஏறிவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

இதே மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் ஊரான காணையில் கணக்கெல்லாம் சுவரில். போலியோ சொட்டு மருந்து போட வந்தவர்கள் பிள்ளையின் சுண்டுவிரலில் மை வைத்து, வாசல் சுவரில் சாக்பீஸால் ஏதோ கிறுக்கிவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் தகவல் போச்சு.

2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கொரோனா ஊசி போட கோவின் தளத்தில் பதிவு கட்டாயமானது. தெருவில் ஸ்மார்ட்போனும் நாலெழுத்து இங்கிலீஷும் வைத்திருந்த பாவத்துக்கு நான் எழுத்தர் ஆனேன். அப்போது ஒரு போனில் நாலு பேர்தான் ஏற முடிந்தது. ஐந்தாவது ஆள் இன்றும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஜூனில் மற்ற மொழிகளைச் சேர்த்தார்கள், தமிழைக் காணோம். சத்தம் போட்ட பிறகுதான் வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. 2024-இல் ஐ.நா. விருதே வாங்கியது. அம்மாவிடம் நல்ல பேர் வாங்குவது அதைவிடக் கஷ்டம், அதையும் வாங்கிவிட்டது. மாத்திரை வீடு தேடி வருகிறதே!

போன மாதம் ஒரு முகாமில் அம்மாவுக்கு ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் எடுக்கப் போனோம். ஆதாரில் இருப்பது தம்பியின் போன் நம்பர். தம்பி சென்னையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வீடு திரும்பிய அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "பிரஷர் பாத்தாச்சு, சுகர் பாத்தாச்சு. ஓடிபி மட்டும் எனக்கு வரலியாம்."

நேற்று மாத்திரையோடு வந்த தன்னார்வலர்ப் பெண் பிரஷர் பார்த்துவிட்டு போனைத் தட்டினாள். சிக்னல் இல்லை. தண்ணீர் டேங்க் வரை போய்த் திரும்பினாள், ஊகூம். கடைசியில் பென்சில் வாங்கி, பால்கணக்குக்குப் பக்கத்தில் சுவரில் எழுதினாள்: 150/90. சாயங்காலம் ஏற்றிக்கொள்கிறாளாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறாள் அம்மா.